காதுக்கு எவ்வளவு செலவு செய்யலாம்?

உலகம் முழுக்க ஒலிப்பதிவுக் கூடங்களில் அடிக்கடி கண்ணில் படுகிற ஹெட்ஃபோன்களில் ஒன்று சோனியின் எம்டிஆர்-7506. 1991-இல் வந்தது, இன்னும் விற்பனையில் இருக்கிறது. சுருள் சுருளான கேபிள், பக்கவாட்டில் ஒரு நீலக் கோடு, சில வருஷத்தில் உரிந்து கறுப்புப் பொடியாகக் காதோரம் ஒட்டிக்கொள்ளும் பேட். அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஆடம்பர ஹெட்ஃபோன்களுக்கென்று தனியாக விற்கிற கேபிள்கள் சிலவற்றின் விலையில் இதில் நாலைந்து வாங்கிவிடலாம்.

பாட்டை உருவாக்குகிறவர் இதை மாட்டிக்கொண்டு வேலை பார்க்கிறார். அதே பாட்டைக் கேட்பதற்கு இதைப்போல் இருபது மடங்கு, முப்பது மடங்கு கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். இதில் யாருக்குப் புத்தி கெட்டுவிட்டது?

யாருக்கும் இல்லை. கூடத்தில் ஹெட்ஃபோன் என்பது தப்பைக் கண்டுபிடிக்கிற கருவி. மைக்கில் காற்று அடித்ததா, வெட்டி ஒட்டிய இடத்தில் 'டிக்' என்று கேட்கிறதா என்று பார்க்கத்தான் அது. கீழே விழுந்தால் எடுத்துத் துடைத்து மறுபடி மாட்டிக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும். மற்றபடி இசைக் கலவையின் பெரும் பகுதி ஸ்பீக்கரில்தான் நடக்கிறது. ரசிப்பதற்காகக் கேட்கிறவரின் தேவை வேறு. ஆனாலும் அந்த இருபது மடங்கு எங்கே போகிறது என்று கேட்பது நியாயமான கேள்விதான். இந்தக் கிறுக்கு பிடித்துப் பல வருஷம் ஆன என்னிடம் நண்பர்களும் உறவுக்காரர்களும் ஓயாமல் கேட்கிற கேள்வியும் இதுதான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போனோடு கூட வந்த இயர்போனிலிருந்து ஒரு நல்ல நடுத்தர ஹெட்ஃபோனுக்கு மாறினால், கொடுத்த காசுக்கு மேலேயே கிடைக்கும். அதற்கப்புறம் கூடுதலாகக் கொடுப்பதில் ஒலிக்குப் போகிற பங்கு சிறியது. மீதி வேறு சில விஷயங்களுக்குப் போகிறது. அவற்றில் சில உண்மையிலேயே பெறுமதியானவை, சில வெறும் பளபளப்பு. கடைக்காரர் இரண்டையும் 'சவுண்ட் குவாலிட்டி' என்ற ஒரே பெயரில் விற்றுவிடுகிறார், அதில்தான் எனக்குச் சண்டை.

ஒரு ஹெட்ஃபோன் எப்படி ஒலிக்கிறது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்பது. பேஸ் எவ்வளவு, குரல் எவ்வளவு, சிம்பலின் 'ஸ்ஸ்' எவ்வளவு. 2017-இல் யெரோன் ப்ரேபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகளை எடுத்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதுதான் முடிவு. விலை ஏற ஏற ஒலியின் வளைகோடு ஒரு நல்ல வடிவத்தை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? அப்படி எதுவும் நடக்கவில்லை.

அந்த 'நல்ல வடிவம்' என்ன என்பதிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வெளியிலிருந்து வருகிற ஒலியைக் காதுமடலும் காதுக் குழாயும் சேர்ந்து மாற்றித்தான் உள்ளே அனுப்புகின்றன. 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குழாயே ஒத்ததிர்ந்து ஒலியைத் தூக்கிக் கொடுக்கிறது. ஹெட்ஃபோன் காதோடு ஒட்டி உட்காருவதால் இந்த இயற்கையான ஏற்பாட்டில் ஒரு பகுதியைக் குலைத்துவிடுகிறது. ஆகவே குலைந்ததை ஈடுகட்டும்படி ட்ரைவரை, அதாவது உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்புகிற பாகத்தை, சரிசெய்ய வேண்டும். ஒலிக்கருவிகள் செய்கிற ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் 2012 வாக்கில் தொடங்கி, ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்து, பெரும்பாலோருக்கு எந்த வடிவம் பிடிக்கிறது என்று தேடினார்கள். அப்படிக் கிடைத்ததைத்தான் இன்று 'ஹார்மன் கோடு' என்கிறோம். நல்ல அறையில் வைத்த நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ, கிட்டத்தட்ட அதேதான்.

அந்தச் சோதனைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்கள் செய்த ஒரு தந்திரம். ஹெட்ஃபோனைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோதிப்பது கஷ்டம், ஏனென்றால் தலைக்குத் தெரிந்துவிடும். எடை, பிடிப்பு, பேடின் துணி எல்லாம் 'நான்தான் விலை கூடியவன்' என்று சொல்லிக்கொடுத்துவிடும். அதனால் ஒரே ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, அதில் வெவ்வேறு ஹெட்ஃபோன்களின் ஒலி வடிவத்தை மென்பொருளால் மாற்றி மாற்றி ஊட்டினார்கள். கேட்பவருக்குப் பெயரும் தெரியாது, எடையும் தெரியாது, விலையும் தெரியாது.

வீட்டில் நம்மால் அந்த அளவுக்குச் செய்ய முடியாது. ஆனால் ஓரளவு செய்யலாம். என் நண்பர் ஒருவர் ப்ளேனார் வகை ஹெட்ஃபோன் ஒன்றைப் பெருஞ்செலவில் வாங்கினார். வட்டமான சவ்வுக்குப் பதில், காந்தங்களுக்கு நடுவே தட்டையாக விரித்த மெல்லிய படலம் அதிர்கிற வகை அது. சில வாரம் என்னிடம் விட்டுவைத்தார். கொடுக்கும்போது, "கேட்டுட்டு நேர்மையா சொல்லு. ஆனா நல்லா இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே" என்றார்.

முதல் வேலையாக அவருடையது, என்னுடையது என்று இரண்டு ஹெட்ஃபோனின் சத்தத்தையும் சமமாக்கினேன். இதைச் செய்யாத எந்த ஒப்பீட்டையும் நான் நம்புவதில்லை. ஒன்று மற்றதைவிட ஒரே ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால், 'சத்தம் கூட' என்று நமக்குத் தோன்றாது. 'தெளிவாக இருக்கிறது, உயிரோட்டமாக இருக்கிறது' என்றுதான் தோன்றும். ஒரு கெட்டி அட்டையில் ஓட்டை போட்டு, அதில் சின்ன மைக்கைச் சொருகி, ஒவ்வொரு ஹெட்ஃபோனின் பேடையும் அட்டையின்மேல் அழுத்தி வைத்து, ஒரே இரைச்சல் ஒலியை ஓடவிட்டு, அளவு ஒன்றாகும்வரை திருகினேன். ஆய்வுக்கூடத்துத் துல்லியமெல்லாம் இதில் கிடையாது. ஆனாலும் கடையில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டிப் பார்ப்பதைவிட நூறு மடங்கு தேவலாம்.

என்னிடம் இருப்பது சென்ஹைசரின் எச்டி 600. 1997-இல் வந்த மாடல். இன்று இந்த உலகத்தில் இதை நடுத்தர விலை என்றுதான் சொல்வார்கள், வெளியாள் கேட்டால் அந்த விலைக்கே வாயைப் பிளப்பார். நண்பருடையதில் சட்டென்று தெரிந்த வித்தியாசம் அடியில். டபுள் பேஸின் மிகத் தாழ்ந்த தந்தி 41 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒலிக்கும். என்னுடையதில் அது இருக்கிறது என்பது மட்டும் தெரியும், அவருடையதில் மரப்பெட்டி அதிர்வதே தெரிந்தது. மிருதங்கத்தின் இடப்பக்கத்தை அழுத்தித் தேய்க்கும்போது அடித்தொனி இழுபட்டு ஏறுமே, அந்த ஏற்றம் எங்கே தொடங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டலாம் போல இருந்தது. இதில் மனப்பிரமை எதுவும் இல்லை. திறந்த முதுகுள்ள, அதாவது கிண்ணத்தின் வெளிப்பக்கத்தை மூடாமல் விட்ட, ஹெட்ஃபோன்களின் சாதாரண ட்ரைவர்களில் அடி அதிர்வெண்கள் சரிந்து போவதும், ப்ளேனாரில் அவை சரியாமல் கீழே வரை போவதும் அளந்தாலே தெரிகிற விஷயம்.

அடுத்தது குரல். இதில் எனக்கு என்னுடையதுதான் பிடித்தது. நண்பருடையதில் பாடகர் ஓரடி பின்னால் தள்ளி நின்று பாடுவது போல இருந்தது. 2,000 ஹெர்ட்ஸுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஒரு பள்ளம். இசைக்கு அது ஒருவித இதமான தூரத்தைக் கொடுக்கிறது என்று ரசிப்பவர்களும் உண்டு. எனக்கு வார்த்தையின் மெய்யெழுத்துகள் மழுங்கிய மாதிரித்தான் பட்டது. ஈக்வலைசரில், அதாவது எந்த அதிர்வெண்ணையும் தனியாகக் கூட்டிக் குறைக்க விடுகிற மென்பொருளில், அந்த இடத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டேன், பாடகர் முன்னால் வந்துவிட்டார். அதே ஈக்வலைசரில் என்னுடையதற்கு அடியில் சில டெசிபல் சேர்த்தேன், டபுள் பேஸில் பாதி தூரம் எட்டிப்பிடித்தது. மீதிப் பாதி எட்டவில்லை. சத்தத்தைக் கூட்டினால் சின்ன ட்ரைவர் திணறி, அடி ஒலி கரகரக்கத் தொடங்கியது.

அதாவது, அத்தனை விலை கொடுத்த ஹெட்ஃபோனுக்கும் இலவச மென்பொருள் ஒன்று தேவைப்பட்டது. என் பழசுக்கும் அதே மென்பொருள்தான். இரண்டையும் திருத்திய பிறகு மிஞ்சிய வித்தியாசம் அடி பேஸும், கொஞ்சம் விசாலமும். இருபது மடங்கு வித்தியாசம் என்று நிச்சயம் சொல்ல மாட்டேன். இரண்டு மடங்கு என்றால்கூட யோசித்துத்தான் ஒத்துக்கொள்வேன்.

இந்த இடத்தில் 'டீட்டெயில்' பற்றி ஒரு வார்த்தை. "இதுவரை கேட்காததெல்லாம் இதில் கேட்டேன்" என்பது விலை உயர்ந்த ஹெட்ஃபோன் வாங்கிய எல்லாரும் சொல்கிற வசனம். பாடகர் மூச்சு இழுப்பது, கிட்டார் தந்தியில் விரல் வழுக்குவது, நாற்காலி முனகுவது. எனக்கும் கேட்டது. திரும்பப் போய் என் பழையதில் அதே இடத்தைக் கூர்ந்து கேட்டேன், அங்கேயும் நாற்காலி முனகியது. புது ஹெட்ஃபோன் என்றால் கவனமாகக் கேட்கிறோம், பழையது என்றால் பாட்டு ஓட ஓடப் பாத்திரம் கழுவுகிறோம். இன்னொன்று, 6,000 முதல் 9,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியைச் சற்றுத் தூக்கிவிட்டால் எந்த ஹெட்ஃபோனிலும் 'விவரம்' கூடிய மாதிரி தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து வருவது தலைவலி. சென்ஹைசர் 2009-இல் தன் உச்ச மாடலாகக் கொண்டுவந்த எச்டி 800-இலேயே 6,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு கூர்மை உண்டு. வாங்கியவர்கள் தாங்களே உள்ளே பஞ்சும் துணியும் ஒட்டி அதைத் தணிக்கப் பார்த்தார்கள். அப்புறம் நிறுவனமே அந்தக் கூர்மையை உறிஞ்சிக்கொள்ளும் அமைப்போடு எச்டி 800 எஸ் என்று ஒன்றை விட்டது. உச்சாணிக் கொம்பில் இருக்கிற ஹெட்ஃபோனின் கதையே இதுதான்.

அப்படியானால் காசு எங்கே போகிறது? கொஞ்சம் பொறியியலுக்கு. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த மின்நிலை ஹெட்ஃபோனின் வழிவந்தவை இன்றும் உண்டு. ஒரு சில மைக்ரான் தடிமனே உள்ள படலத்துக்கு 580 வோல்ட் அழுத்தம் கொடுத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே ஆட வைக்கிறார்கள். அதற்கென்றே தனி ஆம்ப், அதாவது ஒலிச் சைகையைப் பெருக்கிக் கொடுக்கிற கருவி, வேண்டும். இதையெல்லாம் மலிவாகச் செய்ய முடியாது, லட்சக்கணக்கான எண்ணிக்கையில் விற்கவும் முடியாது. குறைவாக விற்கிற பொருளில் ஆராய்ச்சிச் செலவு முழுவதும் அந்தக் கொஞ்சம் பேர் தலையில்தான் விழும். இன்னும் கொஞ்சம் மேலே போனால் காசு சிற்பக்கலைக்குப் போகிறது. 1991-இல் சென்ஹைசர் ஆர்ஃபியஸ் என்ற ஒன்றை வெறும் 300 செட் செய்தது. அதன் வாரிசாக 2015-இல் அறிவித்த எச்இ 1-இல் ஆம்ப் முழுக்கப் பளிங்குக் கல்லில் உட்கார்ந்திருக்கிறது. ஆன் செய்தால் கண்ணாடி வால்வுகள் மேலே எழும்பி வரும். பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் பளிங்கு பாடாது.

பெறுமதியான பங்கு எது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது தலையில் உட்காருகிற விதம். விற்பனைக் குறிப்புகளில் கடைசி வரியில் இருக்கிற இந்த விஷயத்தைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். நண்பரின் ப்ளேனார் 600 கிராமுக்கு மேல். என்னுடையது 260 கிராம். ஒரு கச்சேரி முழுவதையும் கழற்றாமல் கேட்க எது உதவும் என்று சொல்லத் தேவையில்லை. கண்ணாடி போடுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை. மூடிய வகை ஹெட்ஃபோனில், கண்ணாடிக் கம்பிக்கும் பேடுக்கும் நடுவே விழுகிற மெல்லிய இடைவெளி போதும், பேஸ் பாதி கசிந்து வெளியே போய்விடும். எவ்வளவு விலை கொடுத்தாலும் கம்பி வழியாகக் கசிகிற பேஸை நிறுத்த முடியாது, உங்கள் தலைக்குப் பொருந்துகிற பேடை வைத்து மட்டும்தான் முடியும்.

இரண்டாவது, பழுது பார்க்க முடிவது. என் எச்டி 600-இல் பேட், கேபிள், தலைப்பட்டையின் மெத்தை எல்லாவற்றையும் கையாலேயே கழற்றி மாட்டலாம். ஒருமுறை அதன் ஒலி கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டதாகத் தோன்றியது. குரல்கள் கிட்ட வந்து கத்துவது போல. பேட்களைக் கழற்றிப் புதுசோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பழசு நசுங்கிப் பாதி உயரம்தான் இருந்தது. பேட் நசுங்கினால் காது ட்ரைவரை நெருங்குகிறது, நெருங்கினால் ஒலி மாறுகிறது. 'டக்' என்று பழசை உருவி, 'டக்' என்று புதுசை அழுத்தினேன். பழைய ஒலி திரும்பி வந்துவிட்டது. அத்தனை வருஷத்தில் அந்த ஹெட்ஃபோனுக்கு நான் செய்த செலவில் இதைவிட நிறைவானது கிடையாது. ஆம்ப் மாற்றியதெல்லாம் இதில் கால்வாசி வித்தியாசம்கூடத் தரவில்லை. உதிரிப் பாகம் கிடைக்காத ஹெட்ஃபோன் எவ்வளவு இனிமையாகப் பாடினாலும் எனக்கு அது வாடகைப் பொருள்தான்.

இந்த வாடகைக் கணக்கில் ப்ளூடூத் ஹெட்ஃபோன்கள் வசமாக மாட்டிக்கொள்கின்றன. உள்ளே ஒட்டப்பட்ட பேட்டரிக்கு ஆயுள் முடிந்தால் பல மாடல்களில் கதை முடிந்தது. ஆனாலும், விலை கூடுதலாகக் கொடுப்பதற்கு நான் கேள்வியே கேட்காமல் ஒத்துக்கொள்கிற ஒரு வசதி இந்தப் பக்கம்தான் இருக்கிறது. இரைச்சலை அழிக்கும் வசதியைச் சொல்கிறேன். 1978-இல் விமானப் பயணம் ஒன்றில் ஹெட்ஃபோனை மாட்டிய, போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தைத் தொடங்கிய அமர் போஸ், என்ஜின் இரைச்சலில் எதுவும் சரியாகக் கேட்காமல் யோசிக்கத் தொடங்கியதிலிருந்து வளர்ந்தது அது. வெளியிலிருந்து வருகிற ஒலிக்கு நேர் எதிரான ஒலியை உள்ளே எழுப்பி இரண்டையும் அடித்துக்கொள்ள வைக்கிறது. என்ஜின் உறுமல் மாதிரித் தாழ்ந்து தொடர்ந்து வருகிற சத்தத்தில் பிரமாதமாக வேலை செய்யும், பக்கத்து இருக்கைக்காரரின் போன் பேச்சில் அவ்வளவாக இல்லை. சுற்றிலும் இரைச்சல் இருந்தால் நாம் பாட்டின் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற வரம்பு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல். இரைச்சலை அழிக்கிற ஹெட்ஃபோன் சத்தத்தைக் குறைவாக வைக்க விடுகிறது. தினமும் பயணம் செய்கிறவர் காசைப் போட வேண்டிய இடம் இது. வீட்டு அமைதியில் கேட்பதற்கென்றே செய்த திறந்த முதுகு ஹெட்ஃபோனை ரயிலில் மாட்டிக்கொண்டால், எத்தனை விலையானாலும் ரயில்தான் கேட்கும். போதாக்குறைக்கு நம் பாட்டும் பெட்டி முழுக்கக் கேட்கும்.

கேபிள், ஆம்ப், 'ஹை ரெஸ்' கோப்புகள் பற்றி நீட்டி எழுத மனமில்லை. என்னுடையதைப் போல 300 ஓம் மின்தடை உள்ள ஹெட்ஃபோனுக்குப் போன் போதாமல் போகலாம், அப்போது ஓர் ஆம்ப் வேண்டும், எளிமையானதே போதும். கேபிள் அறுந்தால் மாற்றுங்கள், அறுகிறவரை அதுவே நல்ல கேபிள். கோப்புகள் விஷயத்தில், 2007-இல் மேயரும் மோரனும் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு. உயர் துல்லியப் பதிவையும், அதையே சாதாரண சிடி தரத்துக்கு இறக்கியதையும் மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னார்கள். 554 முறையில் சரியாகச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலும் இதேதான் வரும்.

இன்னொரு விஷயம், சொன்னால் நண்பர்களுக்குக் கோபம் வருகிறது. இத்தனை விலை கொடுக்கிற நிலைக்கு நாம் வந்து சேர்கிற வயதில், காது மேல்பகுதியிலிருந்து உதிரத் தொடங்கியிருக்கும். 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்பது இளம் காதுகள்தான். பெட்டியில் '40,000 ஹெர்ட்ஸ் வரை' என்று அச்சடித்திருப்பதை நடுவயதுக்காரர் படிக்கலாம், கேட்க முடியாது. நல்லவேளையாக இசைக்கு அது பெரிதாகத் தேவைப்படுவதில்லை. பியானோவின் கடைசி வெள்ளைக் கட்டையே 4,186 ஹெர்ட்ஸ்தான். அதற்கு மேல் இருப்பதெல்லாம் அந்தந்த வாத்தியத்தின் மினுக்கு. அதில் நுனி போனாலும் வாத்தியத்தை அடையாளம் தெரியாமல் போகாது.

நண்பருடையதைத் திருப்பிக் கொடுக்கும்போது ஈக்வலைசர் அளவுகளை ஒரு தாளில் எழுதி, பெட்டிக்குள் வைத்தே கொடுத்தேன். அவர் தாளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு காசு கொடுத்தும் இது வேணுமா?" என்றார். வேணும் என்றேன். போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன், நானும் கேட்கவில்லை. அந்த ஹெட்ஃபோனை அவர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கேட்கத் தோன்றாது. மரத்தில் இழைத்த அந்தக் கிண்ணங்களைக் கையில் எடுக்கும்போதே அவருக்குப் பாட்டுக் கேட்கிற மனசு வந்துவிடுகிறது, போனை வேறு அறையில் வைத்துவிடுகிறார். விலை தெரிந்திருப்பதும் அந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு என்றால், அதைத் தப்பு என்று சொல்ல நான் யார்? கையில் தாராளமாக இருக்கிறவர் வாங்கட்டும். கடன் வாங்கி வாங்குகிறேன் என்பவரை மட்டும் தடுப்பேன்.

எனக்கும் அந்த அடி பேஸ் மேல் ஒரு கண் இருக்கிறது. ஆனால் புதுசாக வாங்க மாட்டேன். இந்த உலகத்து ஆட்கள் நிலைகொள்ளாதவர்கள், அடுத்த மாடல் வந்தவுடன் கையில் இருப்பதைப் பாதி விலைக்குத் தள்ளிவிடத் தயாராக இருப்பார்கள். பேட் புதுசு போட்டுக்கொள்ளலாம், கேபிளும் அப்படியே. பார்க்க வேண்டியது இரண்டு ட்ரைவரும் சமமாக ஒலிக்கிறதா என்பதைத்தான். ஒரே குரல் மட்டும் வருகிற பழைய மோனோ பதிவு ஒன்றைப் போட்டால் அது சரியாக நடு நெற்றியில் நிற்க வேண்டும். கொஞ்சம் இடமோ வலமோ சாய்ந்தால், ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டிப் பாருங்கள். சாய்வும் கூடவே திரும்பினால் ட்ரைவரில் கோளாறு, விற்கிறவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். திரும்பாமல் அதே பக்கம் நின்றால், காது மருத்துவரைப் பார்ப்பது நல்லது.